மேகமலை ஏறும் காருக்கு எந்த மேனிஃபோல்டு?

குச்சனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை வழியாகச் சின்னமனூர் வந்து, தென்பழனி சோதனைச் சாவடியைத் தாண்டினால் மேகமலை ரோடு தொடங்கிவிடும். 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். இந்தப் பக்கம் போடிமெட்டுக்குப் போனால் 17 வளைவுகள். தெற்கே குமுளி மலை. சமவெளிப் பக்கம் போனாலொழிய எங்கே கிளம்பினாலும் ஏறித்தான் ஆகவேண்டும். அதனால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் கார் பேச்சு எடுத்தால் டாப் ஸ்பீடுக்கு முன்னால் பிக்கப் வந்து நிற்கிறது. பழைய ஜென், எஸ்டீம், ஸ்விஃப்ட் என்று ஒன்றை வாங்கி அதை ஸ்போர்ட்ஸ் காராக்கிப் பார்க்க ஆசைப்படும் பையன்கள், ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றிய கையோடு அடுத்துக் கேட்பது இன்டேக் மேனிஃபோல்டைப் பற்றித்தான். அதை மாற்றினால் பவர் ஏறுமா?

ஏறும். ஆனால் ஓர் ஆர்.பி.எம்.மில் ஏறினால் இன்னோர் ஆர்.பி.எம்.மில் இறங்கும். கடையில் விற்கிறவர் முதல் பாதியை மட்டும் சொல்வார். இரண்டாவது பாதி தெரியாமல் பணத்தைக் கட்டினால், மேகமலையின் நாலாவது வளைவிலேயே வண்டி முன்பைவிடத் திணறும். அது ஏன் என்று புரிந்துகொள்ள மேனிஃபோல்டு செய்யும் வேலையை முதலில் பார்த்துவிடலாம்.

ஏர் ஃபில்டரைக் கடந்து த்ராட்டில் வழியாக உள்ளே வரும் காற்று முதலில் ஒரு பெட்டிக்குள் போய்ச் சேர்கிறது. அதற்குப் பிளீனம் என்று பெயர். அந்தப் பெட்டியிலிருந்து சிலிண்டருக்கு ஒன்றாகக் குழாய்கள் பிரிந்து எஞ்சின் ஹெட்டில் போய் முடியும். இவை ரன்னர்கள். பெட்டியும் குழாய்களும் சேர்ந்ததுதான் மேனிஃபோல்டு. பார்க்க எளிய சாமான். ஆனால் 1.2 லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது, சிலிண்டர்கள் முழுசாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு 60 லிட்டர் காற்று இதன் வழியே போகிறது. அதுவும் சீராகப் போவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் இன்டேக் வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. குழாய்க்குள் இருக்கும் காற்று ஓடுகிறது, முட்டுகிறது, திரும்புகிறது, மறுபடி ஓடுகிறது.

பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வாய்க்காலில் மடையைச் சட்டென்று அடைத்தால், வேகமாக வந்த தண்ணீர் பலகையில் மோதிப் பின்னால் ஏறும். அந்த ஏற்றம் அலையாக வாய்க்காலில் மேல்நோக்கிப் போகும். வால்வு மூடும்போது ரன்னருக்குள் நடப்பதும் அதேதான். வால்வு திறந்திருக்கும்போதும் அலை உண்டு. பிஸ்டன் கீழே இறங்கி இழுக்கிறபோது ஒரு அழுத்தக் குறைவு கிளம்பி, ஒலியின் வேகத்தில் ரன்னர் வழியாகப் பிளீனம் வரை போகிறது. குழாய் திறந்து விரியும் அந்த வாயில் அது தலைகீழாகி, அழுத்தம் கூடிய அலையாகத் திரும்புகிறது. அந்தக் கூடுதல் அழுத்தம், வால்வு மூடுவதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தால் போதும். பிஸ்டன் இழுத்ததற்கு மேலும் கொஞ்சம் காற்று சிலிண்டருக்குள் தள்ளப்படும். காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலும் கூடும். ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அதனால் சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடைதான் சக்தியைத் தீர்மானிக்கிறது.

அலை எப்போது திரும்பி வரும் என்பதைக் குழாயின் நீளம் முடிவு செய்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். பிஸ்டன் பலமாக இழுக்கும் நேரத்துக்கும் அலை திரும்ப வேண்டிய நேரத்துக்கும் இடையே கிராங்க் ஏறத்தாழ 90 டிகிரி சுற்றும் என்று வைப்போம். 6,000 ஆர்.பி.எம்.மில் அதற்கு ஆகும் நேரம் நொடியில் 400இல் ஒரு பங்கு. அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டுமானால் வால்விலிருந்து பிளீனம் வரை சுமார் 44 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். 3,000 ஆர்.பி.எம்.மில் நேரம் இரு மடங்கு, நீளமும் இரு மடங்கு: சுமார் 88 சென்டிமீட்டர். பானெட்டுக்குள் அவ்வளவு நீளத்துக்கு இடம் கிடைக்காது என்பதால், அலை இரண்டாவது, மூன்றாவது தடவை திரும்பி வருவதைப் பயன்படுத்திக் கம்பெனிக்காரர்கள் குட்டையான குழாயிலேயே சமாளிப்பார்கள். அப்படித் திரும்பும்போது அலையின் பலம் குறைந்திருக்கும். ஆனாலும் விதி மாறுவதில்லை. நீளமான ரன்னர் கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை தரும், குட்டையான ரன்னர் மேல் ஆர்.பி.எம்.மில் பவர் தரும்.

இதற்கு எனக்குத் தெரிந்ததில் மிகத் தெளிவான சாட்சி 1960ஆம் ஆண்டின் அமெரிக்க கிரைஸ்லர் 300எஃப். அதன் 6.8 லிட்டர் எஞ்சினில் 30 அங்குல நீள ரன்னர்கள் எஞ்சினுக்குக் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். 375 குதிரைசக்தி. டார்க், அதாவது இழுவை, உச்சத்தைத் தொட்டது வெறும் 2,800 ஆர்.பி.எம்.மில், 495 பவுண்டு-அடி. அதே எஞ்சினுக்கு, வெளித்தோற்றம் மாறாமல் உள்ளே நடுச்சுவரின் ஒரு பகுதியை நீக்கி, காற்றுக்கு நீளம் பாதியாகத் தெரியும்படி இன்னொரு மேனிஃபோல்டும் போட்டார்கள். பவர் 400 ஆனது. டார்க் 465 ஆகக் குறைந்தது, அதன் உச்சமும் 3,600 ஆர்.பி.எம்.முக்கு நகர்ந்தது. ஒரே கம்பெனி இரண்டு குழாய் நீளங்களுக்கு வைத்த கணக்கு அப்பட்டமாகத் தெரிகிறது: மேலே 25 குதிரைசக்தி வந்தது, கீழே 30 பவுண்டு-அடி போனது.

இரண்டும் வேண்டும் என்றால் குழாயே ஓடும்போது நீள வேண்டும், குறுக வேண்டும். 1991இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரில் அப்படித்தான் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்று நகரும் ரன்னர்கள், ஆர்.பி.எம். ஏற ஏறக் குட்டையாகிக்கொண்டே போயின. இன்று பல சாதாரணக் கார்களிலும் ஒரு ஃபிளாப் திறந்து மூடி நீளப் பாதை, குட்டைப் பாதை என்று மாற்றுகிறது. உங்கள் காரில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேறு மேனிஃபோல்டைத் தேட வேண்டும். அதைக் கழற்றிவிட்டு நிலையான குழாய் போடுவது இருக்கும் நல்லதை விற்பதற்குச் சமம்.

குட்டை ரன்னர் எங்கே பயன்படும் என்று பார்க்கப் பந்தயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் பந்தயங்கள் நடந்தன. பிறகு 1990 முதல் இருங்காட்டுக்கோட்டை ட்ராக். கோவையில் கரிவர்தன், மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, ஒரு தலைமுறை ஓட்டுநர்களுக்கு வழி திறந்தார். 1995இல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில்தான் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சாமானியன் வாங்கும் எஞ்சினிலிருந்து பந்தயக் காரை எடுத்த அந்தத் துணிவை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமிதமாக இருக்கிறது. பந்தய ட்ராக்கில் ஓட்டுநர் எஞ்சினை மேல் ஆர்.பி.எம்.மிலேயே வைத்திருப்பார். கீழே விழுந்தால் உடனே கியரைக் குறைப்பார். அங்கே குட்டை ரன்னர், பெரிய பிளீனம் சரி. மேகமலை ரோட்டில் என்ன நடக்கிறது? வளைவில் வேகம் முழுக்க அடங்குகிறது, முதல் அல்லது இரண்டாவது கியர், 1,800இலிருந்து 3,500 வரை ஏறுகிறது, அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. 6,000க்கு மேல் கிடைக்கும் பவரைப் பயன்படுத்த அங்கே இடமே இல்லை.

அதே கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடா மோட்டார்ஸோடு சேர்ந்து 2018 அக்டோபரில் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி.யைப் பாருங்கள். சாதாரண டியாகோவில் 85 பி.எஸ். (குதிரைசக்தி). இதில் 1.2 லிட்டர் டர்போ, 5,000 ஆர்.பி.எம்.மில் 114 பி.எஸ்., 2,000 முதல் 4,000 ஆர்.பி.எம். வரை விடாமல் 150 நியூட்டன் மீட்டர். காற்று உள்ளே வரும் வழி, புகை வெளியே போகும் வழி, எஞ்சின் கம்ப்யூட்டர், கியர் விகிதம், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார்கள். ஒரு சாமானை மட்டும் மாற்றிவிட்டு ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லவில்லை. 2020இல் பி.எஸ். 6 புகை விதிகள் வந்தபோது விற்பனை நின்றுபோனது. அந்தக் காரின் டார்க் உட்கார்ந்திருந்த இடம் மலை ரோட்டுக்கு அளவெடுத்தது போன்றது என்பதால், பழைய வண்டியாகக் கிடைத்தால் மேனிஃபோல்டுக்குச் செலவழிப்பதைவிட அதை வாங்குவதே மேல் என்பேன்.

டர்போவுக்கு இங்கே இன்னொரு அனுகூலமும் உண்டு. பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து 300, 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகமலையின் தேயிலைத் தோட்டங்கள் சுமார் 1,500 மீட்டரில். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 13, 14 சதவீதம் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அவ்வளவு பவரை அப்படியே இழக்கும். எந்த மேனிஃபோல்டும் அதை முழுசாகத் திருப்பித் தராது. காற்றின் சூடும் இதே மாதிரிதான். உள்ளே போகும் காற்று 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். பளபளக்கும் அலுமினிய மேனிஃபோல்டு அழகாக இருக்கும், ஆனால் எஞ்சின் சூட்டை உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுக்கும். கம்பெனி போடும் நைலான் கலந்த பிளாஸ்டிக் மேனிஃபோல்டு சூட்டை அவ்வளவு கடத்தாது, உட்புறமும் வழவழப்பாக இருக்கும். பிளாஸ்டிக்தானே என்று அதை மட்டமாக நினைக்க வேண்டாம். பானெட்டுக்குள்ளேயே திறந்து நிற்கும் ஏர் ஃபில்டரும் இதே காரணத்தால் எனக்குப் பிடிக்காது. ரேடியேட்டர் சூட்டையும், ஆடிக் காற்றில் பறக்கும் மண்ணையும் சேர்த்தே இழுக்கும்.

சட்டத்தையும் மறக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்னதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டின் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆனது. வேலையைத் தொடங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவியுங்கள். ட்ராக்கில் மட்டும் ஓடும் வண்டி என்றால் அந்தப் பந்தயப் பிரிவின் விதிகளைப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றுவதென்று முடிவெடுத்தால், எஞ்சின் கம்ப்யூட்டரையும் ட்யூன் செய்யும் செலவைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்த சென்சாரை வைத்துத்தான் பல கார்கள் பெட்ரோலைக் கணக்கிடுகின்றன. காற்று நிரம்பும் விதம் மாறிவிட்டது, ஆனால் கம்ப்யூட்டருக்குள் பழைய கணக்கே இருக்கிறது என்றால் கலவை தப்பும். பெட்ரோல் குறைந்த கலவையோடு முழு த்ராட்டிலில் மலை ஏறினால் எஞ்சின் தட்டும், கடைசியில் பிஸ்டன் போகும். பவரை அளக்கும் டைனோவில் நிறுத்தி, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டி, இரண்டு வரைபடக் கோடுகளையும் ஒரே தாளில் வாங்குங்கள். உச்ச பவர் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல் 2,000க்கும் 4,000க்கும் நடுவில் கோடு ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக்கூடாது. ரன்னரின் வாயும் ஹெட்டின் வாயும் விளிம்பு இடிக்காமல் ஒத்துவர வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி, டார்க் ரெஞ்சால், கம்பெனி கையேட்டில் உள்ள அளவுக்கே முடுக்க வேண்டும். பிறகு மிக முக்கியமானது: மேனிஃபோல்டிலிருந்துதான் பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் போகிறது. மலிவான மேனிஃபோல்டுகள் சிலவற்றில் அந்தக் குழாய் மாட்ட இடமே இருக்காது, அல்லது பொருந்தாத அளவில் இருக்கும். அதில் லீக் இருந்தால் இறக்கத்தில் பெடல் கல் மாதிரி இறுகும், முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி லேசில் நிற்காது. மாட்டி முடித்ததும் எஞ்சினை நிறுத்தி, பெடல் இறுகும் வரை நாலைந்து தடவை மிதித்து, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் தாழ வேண்டும். தாழவில்லையென்றால் வேக்யூம் வரவில்லை, அந்த வண்டி மலைப் பக்கம் போகவே கூடாது. பெடல் தாழ்ந்தும் ஐடிலிங் ஏறி இறங்கினால், எங்காவது ஸ்ஸ் என்று சத்தம் வந்தால், கேஸ்கெட்டையும் சின்ன வேக்யூம் குழாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும், சின்னமனூர், தேனி என்று சமவெளியில் சில நாள் ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு போல்ட்டுகளை இன்னொரு முறை அதே அளவில் சரிபார்த்துவிட்டு, பிறகு தென்பழனிப் பக்கம் திருப்புங்கள்.