பள்ளிக்கூடத்துக் கூத்துக்குப் பணம் போய்ச் சேரும் வழி

(நமது பெங்களூர் பகுதிநேர நிருபர்)

கிராமத்து அரசுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தோல்பாவை ஆட்டுகிறார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. ஆறாம் வகுப்புப் பையன் அனுமாருக்குக் குரல் கொடுக்கிறான். ஊரார் கை தட்டுகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் ஆசிரியரின் படம் வருகிறது. பாவைக் கலைஞரின் பெயர் வருகிறது. பணம் கொடுத்த அறக்கட்டளையின் பெயரும் கடைசி வரியில் வந்துவிடுகிறது.

வராத பெயர் ஒன்று உண்டு. அந்தப் பணத்தை உரிய காலத்தில் ஆசிரியரின் கணக்கில் சேர்த்த காரியாலய ஊழியரின் பெயர்! மனுவைப் பதிவு செய்தவர், செலவுப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தவர், உடன்படிக்கை எழுதியவர், தவணையை அனுப்பியவர், கடைசியில் கணக்கை முடித்தவர் எல்லாம் அவர்தான். "இது குமாஸ்தா வேலைதானே" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் குமாஸ்தா வேலை இரண்டு மாதம் பிந்தினால் பிள்ளைகளுக்கு ஒரு வருடமே வீணாகப் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது.

பெங்களூரில் ஓர் அறக்கட்டளை

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி டில்லிக்குப் போக வேண்டியதில்லை. நம் பெங்களூரிலேயே 'இந்தியா பவுண்டேஷன் பார் தி ஆர்ட்ஸ்' என்ற அறக்கட்டளை இருக்கிறது. சுருக்கமாக ஐ.எப்.ஏ. என்பார்கள். இது அரசாங்க நிறுவனம் அல்ல. 1993-ம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 1995-ம் ஆண்டிலிருந்து கலைப் பணிகளுக்கு நிதி உதவி செய்து வருகிறது. இதைத் தொடங்கி முதல் நிர்வாக இயக்குநராக இருந்தவர், நாடகத் துறையைச் சேர்ந்த அன்மோல் வெல்லானி.

கலை ஆராய்ச்சி, கலைப் படைப்பு, அருங்காட்சியகப் பணி என்று நாடு முழுவதற்கும் இதன் உதவி போகிறது. பெங்களூர் நகரத்தைப் பற்றிய பணிகளுக்கென்று 'புராஜெக்ட் 560' என ஒரு பிரிவு உண்டு. நமது ஊரின் அஞ்சல் குறியீடு தொடங்கும் எண்தான் அந்தப் பெயர்.

நாம் இங்கே பார்க்கப்போவது கலைக் கல்விப் பிரிவை. அதற்குக் கன்னடத்தில் 'கலி-கலிசு' என்று பெயர். 'கற்றுக்கொள், கற்றுக்கொடு' என்பது பொருள். கர்நாடகத்தின் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும், அத்தகைய பள்ளிகளில் வேலை செய்ய விரும்பும் கலைஞர்களுக்கும் இந்த உதவி கிடைக்கிறது. ஊரில் உள்ள கூத்து, பாட்டு, கைத்தொழில் ஆகியவற்றை வகுப்புப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிப்பது இதன் நோக்கம்.

சட்டம் சொல்வது என்ன?

பள்ளிக்கூடத்தில் கலை கற்பிக்க அரசாங்கமே ஏற்பாடு செய்யாதா என்று வாசகர்கள் கேட்கலாம். ஏற்பாடு இருக்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6-ம் வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரை கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆனால் 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்குத்தான் இந்த விதி. அந்த எண்ணிக்கையை எட்டாத கிராமத்துப் பள்ளிகள் ஏராளம்.

மத்திய அரசின் கலாசார வள மற்றும் பயிற்சி மையம் 1982-ம் ஆண்டில் தொடங்கிய உதவித்தொகைத் திட்டமும் உண்டு. 10 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளில் தேறியவர்களுக்கு அது கிடைக்கும். நல்ல திட்டம்தான். ஆனால் அது திறமை காட்டிய தனிப் பிள்ளைக்கு. கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளையின் கையிலும் பாவையைக் கொடுக்க வேண்டுமானால் வகுப்பு ஆசிரியர்தான் முன்வர வேண்டும்.

ஆசிரியருக்கு மனம் இருக்கிறது. பணம் எங்கே? தோல் வாங்க வேண்டும். சாயம் வாங்க வேண்டும். கலைஞருக்குச் சன்மானமும் பஸ் கட்டணமும் கொடுக்க வேண்டும். பெரிய தொகை அல்ல. ஆனால் பள்ளிக்கூடக் கணக்கில் இதற்கென்று தலைப்பு இருக்காது. அந்த இடத்தில்தான் அறக்கட்டளையின் உதவி வேலை செய்கிறது.

மனுவும் பார்சலும்

ரயிலில் பார்சல் அனுப்பியவர்களுக்குத் தெரியும். அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், சேரும் ஸ்டேஷன், எடை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் மூட்டை வேறு ஊர்ப் பிளாட்பாரத்தில் கிடக்கும். மானிய மனுவும் அப்படியே.

எந்த இந்திய மொழியிலும் மனு எழுதலாம் என்பது ஐ.எப்.ஏ.யின் கொள்கை. வரவேற்க வேண்டிய கொள்கை. இங்கிலீஷ் எழுத வராத ஆசிரியருக்கு இதனால் கதவு திறக்கிறது. ஆனால் அறிவிப்பது ஒரு வரி. நடத்துவது வருடம் முழுவதும் செய்ய வேண்டிய வேலை. கன்னடத்தில் வந்த மனுவைப் படிக்க ஆள் வேண்டும். தமிழில் வந்தால் அதற்கும் ஆள் வேண்டும். அந்த மொழி தெரியாத தேர்வாளரிடம் பொருள் குறையாமல் எடுத்துச் சொல்லவும் வேண்டும்.

"எங்கள் ஊர்க் கூத்தைப் பிள்ளைகள் அறிய வேண்டும்" என்று ஓர் ஆசிரியர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசை நியாயமானது. ஆனால் இதை வைத்துப் பணம் கொடுக்க முடியாது. எத்தனை பிள்ளைகள்? எந்த வகுப்பு? எந்தப் பாடத்தோடு சேர்க்கப் போகிறீர்கள்? கலைஞர் யார்? வாரத்தில் எத்தனை நாள் வருவார்? இப்படி டெலிபோனில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வது காரியாலய ஊழியரின் வேலை. மிரட்டும் குரலில் கேட்டால் ஆசிரியர் மனுவையே கைவிட்டுவிடுவார். பொறுமையாகக் கேட்டால், அந்த ஒரு வரி ஆசை ஒரு திட்டமாக உருவெடுக்கும்.

பிறகு செலவுப் பட்டியல். ரூ.1 லட்சம் கேட்கும் ஆசிரியர் தோலுக்கும் சாயத்துக்கும் எழுதியிருப்பார். கலைஞரின் சாப்பாட்டை மறந்திருப்பார். இன்னொருவர் பாதிப் பணத்தைக் காமிராவுக்கு ஒதுக்கியிருப்பார். இரண்டையும் சரி செய்ய வேண்டும். அதன் பின்னரே தேர்வாளர்களின் பார்வை, அறங்காவலர்களின் சம்மதம், உடன்படிக்கை, முதல் தவணை எல்லாம்.

நான்கு முட்டுக்கட்டைகள்

பணம் மஞ்சூரான பிறகும் வழியில் முட்டுக்கட்டைகள் உண்டு.

முதலாவது, அனுமதி. ஆசிரியர் அரசு ஊழியர். தலைமை ஆசிரியரின் சம்மதமும், மேலே கல்வி அதிகாரியின் கடிதமும் வேண்டியிருக்கும். அந்தக் கடிதத்துக்கு வாசகம் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் அறக்கட்டளை ஊழியர்தான்.

இரண்டாவது, பெயர். இது நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை! பாஸ் புத்தகத்தில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் தகப்பனார் பெயர் முழுவதும் பின்னால் இருக்கும். பான் அட்டையில் எழுத்தே மாறியிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று பாங்கியை நம்ப வைப்பதற்குள் பல வாரம் ஓடிவிடும்.

மூன்றாவது, ரசீது. பரம்பரையாகப் பாவை செய்யும் கலைஞரிடம் பில் புத்தகம் ஏது? வவுச்சர் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். ரூ.5 ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகையானால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். ஒரு நாளில் ஒருவருக்கு ரூ.10 ஆயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அதை அறப்பணிச் செலவாக அறக்கட்டளை காட்ட முடியாது. ஆகவே கலைஞருக்கும் பாங்கிக் கணக்கு வேண்டும். இதை முன்னதாகவே ஆசிரியருக்குச் சொல்லாவிட்டால், ஆடிட்டர் வரும்போது மாட்டிக்கொள்பவர் அந்த ஆசிரியர்தான்.

நான்காவது, மாறுதல் உத்தரவு. திட்டம் பாதியில் நிற்கும்போது ஆசிரியருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டால்? செய்து முடித்த பாவைகள் பள்ளிக்குச் சொந்தமா, ஆசிரியருக்குச் சொந்தமா? மீதித் தவணை யாருக்கு? உடன்படிக்கையில் இதற்கு நாலு வரி இருந்தால் சண்டை இல்லை. அந்த நாலு வரியை முன்யோசனையோடு எழுதுபவர்தான் நல்ல நிர்வாகி.

ஜூன் முதல் மார்ச் வரை

இவற்றையெல்லாம் விடப் பெரிய எதிரி காலண்டர். கர்நாடகத்தில் ஜூன் மாதத்தையொட்டிப் பள்ளிகள் திறக்கின்றன. இடையில் தசரா விடுமுறை. மார்ச் மாதத்தில் பரீட்சை. பிறகு கோடை விடுமுறை. உள்ளபடி கைக்குக் கிடைப்பது சில மாதங்களே.

முதல் தவணை ஜூலையில் வந்தால் பிள்ளைகள் தோலைச் சீவி, வெட்டி, துளையிட்டு, சாயம் தீட்டி, கதையும் எழுதி ஆடி முடிப்பார்கள். அதே தவணை நவம்பரில் வந்தால்? கடையில் வாங்கிய பாவையை வைத்து ஒரே ஒரு நாள் விழா நடக்கும். புகைப்படம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டாவது பள்ளியில் பிள்ளைகள் கற்றது ஒன்றுமில்லை. அடுத்த ஜூனில் அவர்கள் வேறு வகுப்புக்கும், சிலர் வேறு பள்ளிக்கும் போய்விடுவார்கள். அவர்களுக்கு அந்த வருடம் திரும்பி வராது.

நூற்றுக்கு இருபது

நன்கொடை கொடுப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நாங்கள் கொடுக்கும் பணத்தில் ஆபீஸ் செலவுக்கு எவ்வளவு போகிறது?" கேட்க வேண்டிய கேள்விதான். தர்மப் பணத்தில் காரும் கட்டடமும் வாங்கிக்கொண்ட கதைகளை நாம் கேட்காதவர்கள் அல்ல.

சட்டமும் இதைக் கேட்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ம் ஆண்டில் புதிதாக இயற்றப்பட்டபோது, வெளிநாட்டுப் பணத்தில் நூற்றுக்கு 50 வரை நிர்வாகத்துக்குச் செலவிடலாம் என்று இருந்தது. 2020-ம் ஆண்டுத் திருத்தம் அதை 20 ஆகக் குறைத்தது. வந்த வெளிநாட்டுப் பணத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பதையும் அதே திருத்தம் தடை செய்தது. பணத்தை வாங்கி ஊர் ஊராகப் பகிர்ந்து கொடுத்து வந்த அறக்கட்டளைகள் வேலை செய்யும் முறையையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

நிர்வாகச் செலவு என்றால் எது? நிர்வாகிகள் சம்பளம், வாடகை, மின்சாரம், கணக்கு எழுதுவது, அறிக்கை தயாரிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஆஸ்பத்திரி டாக்டரின் சம்பளமும் பள்ளி ஆசிரியரின் சம்பளமும் அதில் சேராது.

இங்கேதான் சிக்கல். ஒரு பெரிய நகர நிறுவனத்துக்கு ரூ.10 லட்சத்தை ஒரே செக்காகக் கொடுத்தால் ஒரு பைல், ஓர் உடன்படிக்கை, ஒரு கணக்கு. அதே பத்து லட்சத்தைப் பத்துக் கிராமத்து ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் பத்துப் பைல், பத்துப் பயணம், பத்துக் கணக்கு. ஒரு லட்சத்துக்கு எழுதும் காகிதம் பத்து லட்சத்துக்கு எழுதும் காகிதத்தைவிடக் குறைவதில்லை. தொகை சிறியதாக, ஊர் தூரமாக, ஆசிரியர் அனுபவம் இல்லாதவராக இருக்க இருக்க, நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

ஆபீஸ் செலவு குறைவாக இருப்பதே யோக்கியதை என்று நாம் அளந்தால், அறக்கட்டளைகள் என்ன செய்யும்? இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்த, கணக்கப்பிள்ளை வைத்திருக்கிற, பெரிய ஊர் நிறுவனங்களுக்கே கொடுத்துவிட்டுப் போகும். கணக்கு அழகாக இருக்கும். ஆறாம் வகுப்புப் பையன் கைக்குப் பாவை வராது.

என்ன செய்யலாம்?

2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, வரையறைக்கு உட்பட்ட கம்பெனிகள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி, கலை இரண்டுமே அந்தப் பட்டியலில் உள்ளன. பெங்களூர்க் கம்பெனிகளில் இந்தப் பொறுப்பை வகிக்கும் வாசகர்கள் நம்மிடையே இருக்கலாம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆபீஸ் செலவைக் கேளுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் தவணை எந்த மாதம் பள்ளிக்குப் போனது? காரியாலயத்திலிருந்து யார் நேரில் போய்ப் பார்த்தார்? இங்கிலீஷ் தெரியாதவர்களின் மனு எத்தனை தேறியது? இவற்றையும் கேளுங்கள். பணம் நல்ல விதமாகச் செலவானதா என்பது அப்போது விளங்கும்.

அரசுப் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரிய வாசகர்களுக்கு: நமக்கு எழுத வராது என்று ஒதுங்க வேண்டாம். தெரிந்த மொழியில் எழுதுங்கள். பாங்கிக் கணக்கிலும் அட்டைகளிலும் பெயரை இப்போதே ஒன்றாக்கி வையுங்கள். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். புரியாததை அறக்கட்டளை ஊழியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அதற்குத்தான் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.