வயது ஒன்று, தோற்றம் வேறு!

அப்புத்தளை நகரிலிருந்து தம்பேதன்ன தோட்டத்துக்குச் செல்லும் பஸ்ஸில் அண்மையில் ஒரு நாள் பிற்பகல் நாம் பிரயாணஞ் செய்ய நேர்ந்தது. நமக்கு முன்னாசனத்தில் ஓர் அம்மையாரும், அவர் பக்கத்தில் பள்ளிச் சீருடையணிந்த ஒரு சிறுவனும் அமர்ந்திருந்தனர். அம்மையாரின் மடியில் ஒரு மாப்பை. எதிர்ப்புற ஆசனத்திலிருந்த மற்றொரு பெண்மணி, வழிப்பேச்சாகச் சிறுவனைச் சுட்டிக் கேட்டார்:

"பேரனா, பாட்டி? அஞ்சாம் வகுப்புப் படிக்கிறாரா?"

"இல்லீங்கம்மா. இவன் என் மகன்தாங்க. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான்."

கேட்டவரின் முகம் சுண்டிவிட்டது. தவறைச் சரிசெய்யும் ஆவலில் அவர் மேலும் பேசினார். பேச்சினிடையே உண்மைகள் வெளிவந்தன. பாட்டி எனப்பட்டவருக்கு வயது 42. கேட்டவருக்கோ 46! தாயாரை நாம் அறுபதை நெருங்கியவர் என்றே எண்ணியிருந்தோம். மற்றவரை முப்பத்தைந்துக்கு மேல் மதித்திருக்க மாட்டோம். பத்து வயதுப் பாலகன் போலிருந்த பையனுக்கு வயது 14. அவன் ஒன்றும் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சாளரத்தின் வழியே தேயிலை மலைகளைப் பார்க்கலானான்.

ஒரே பஸ்ஸில் மூவர். மூவருக்கும் வயதுக்கும் தோற்றத்துக்கும் பொருத்தமில்லை. சிலர் மட்டும் வயதுக்குக் குறைவாகத் தோன்றுவது ஏன்? வேறு சிலர் காலத்துக்கு முன்னரே மூப்படைவது ஏன்? அன்று மலையேறும் வழியெல்லாம் நம் மனத்தை விட்டகலாத கேள்வி இது.

பிசிராந்தையார் தந்த விடை

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. பிசிராந்தையாரிடம் இதே கேள்வியைச் சான்றோர் கேட்டனர் என்பதைப் புறநானூறு பயிலும் மாணவர் அறிவர். "ஆண்டுகள் பலவாகியும் உமக்கு நரை தோன்றாதது எவ்வாறு?" என்பது அவர்கள் வியப்பு. புலவர் தைலத்தையோ இலேகியத்தையோ சொன்னாரல்லர். மனைவி மாட்சிமையுடையவள்; மக்களும் அறிவு நிரம்பியவர்கள்; ஏவலர் தம் கருத்தறிந்து நடப்பவர்கள்; அரசன் தீயன செய்யாமல் காப்பவன்; ஊரிலோ அடங்கிய கொள்கையுடைய சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்று அடுக்கினார். கவலையற்ற வாழ்வே தம் நரையின்மைக்குக் காரணம் என்பது அவர் முடிபு. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய இவ்விடையை இன்றைய விஞ்ஞானம் ஒப்புமா? ஆராய்ந்து பார்ப்போம்.

இரட்டையர் சொல்லும் பாடம்

தாய் தந்தையரிடமிருந்து வரும் பரம்பரைக்குத் தோற்றத்தில் கணிசமான பங்குண்டு என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. "அவர்கள் குடும்பமே அப்படித்தான், எளிதில் நரைக்காது" என்று நாம் சொல்வதில் உண்மையிருக்கிறது. ஆனால் பரம்பரையே யாவுமா என்பதை அறிய இரட்டையரைப் போன்ற நல்ல சாட்சிகள் வேறில்லை. ஒரே உருவ இரட்டையருக்குப் பரம்பரைச் செல்வம் ஒன்றே, வாழ்க்கைதான் வேறு.

டென்மார்க்கு நாட்டில் எழுபதும் அதற்கு மேலும் வயதுடைய 1826 இரட்டையரின் முகப்படங்கள், வயதைச் சொல்லாமல், செவிலியர், பயிற்சி ஆசிரியர்கள், முதிய பெண்கள் ஆகியோரிடம் காட்டப்பட்டன. ஒவ்வொருவரும் எத்தனை வயதினராகத் தோன்றுகின்றனர் என மதிப்பிடச் சொன்னார்கள். பின்னர் ஆண்டுகள் சில காத்திருந்து பார்த்தபோது, முதுமை மிகுந்தவராகத் தோன்றியவர்களே முந்தி இறந்தனர் எனக் கண்டனர். ஓர் இரட்டையரிடையே தோற்ற வேறுபாடு எவ்வளவு மிகுந்திருந்ததோ, மூப்பாகத் தோன்றியவர் முதலில் மறையும் வாய்ப்பும் அவ்வளவு மிகுந்திருந்தது. இம்முடிவு 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. உடலின் நலமும் ஓரளவு முகத்தில் தெரியும் என்பது இதன் பாடம்.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவர்களை ஆராய்ந்தோர் 2015இல் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. அவர்கள் 38 வயதை எட்டியபோது 954 பேரின் இதயம், சிறுநீரகம், ஈரல், சுவாசப்பை முதலியவற்றின் நிலையைக் கொண்டு உடலின் வயதைக் கணித்தனர். பிறந்த கணக்கில் யாவரும் 38; உடலின் கணக்கிலோ சிலருக்கு 28, சிலருக்கு 61! உடல் விரைவாக மூத்தவர்கள், அவர்களை அறியாத பிறர் கண்ணுக்கும் வயது கூடியவர்களாகவே தோன்றினர்.

ஆகவே வயதைச் சொல்ல இரு கணக்குகள் உண்டு. ஒன்று பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் உள்ளது. மற்றது, கழிந்த நாட்கள் உடலில் எழுதிவைத்தது.

மலை வெயிலின் கைவரிசை

அவ்வாறு எழுதும் கரங்களில் வலியது வெயில். "அப்புத்தளையில் ஏது வெயில்? பனியும் முகிலுந்தானே!" என்று அன்பர்கள் கேட்கலாம். அங்கேதான் ஏமாற்றம். நம் கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிர்களே தோலை மூப்படையச் செய்பவை. குளிருக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றர் உயர உயர அவற்றின் வலிமை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடுகிறது. அப்புத்தளையோ 1400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. லிப்டன் இருக்கை எனப்படும் மலையுச்சி 1900 மீற்றரையும் கடந்தது. பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நம் நாட்டில் ஆண்டில் இருமுறை நண்பகற் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கிறது. மெல்லிய முகில் வெப்பத்தைக் குறைத்துக் காட்டுமேயன்றி, இக்கதிர்களில் பெரும்பங்கைத் தடுப்பதில்லை. வெயில் உறைக்காதபடியால் மறைப்புத் தேடவும் எவருக்கும் தோன்றுவதில்லை.

தோலுக்கு அடியில் கொலாஜன் என்னும் புரத நார்கள் கூரைக்குக் கைமரம் போல் நின்று தோலைத் தாங்குகின்றன. கழியூதாக் கதிர்கள் அந்நார்களை அறுத்துச் சிதைக்கின்றன. தாங்குவது தளரவே தோல் தொய்ந்து சுருங்குகிறது. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லொறி ஓட்டிய 69 வயதுச் சாரதி ஒருவரின் படம் 2012இல் ஒரு வைத்திய சஞ்சிகையில் வெளியாயிற்று. சாளரத்துப் பக்கமிருந்த இடக்கன்னம் ஆழ்ந்த சுருக்கங்களோடு தொங்கியது. வலக்கன்னமோ பல ஆண்டுகள் இளமையாயிருந்தது. ஒரே மனிதர், ஒரே பரம்பரை. ஒரு முகத்தில் இரு வயது!

நம்மவரின் கருநிறம் இதற்கு இயற்கை தந்த குடை. வெண்ணிறத்தாரைவிட நமக்குச் சுருக்கங்கள் பிந்தியே விழுகின்றன. ஆயினும் குடையும் நாள்முழுதும் பெய்யும் மழைக்குத் தாங்காதன்றோ? காலைப் பிரட்டு முடிந்து மலைக்குச் சென்றால், தலையிற் கூடைக்கயிறும் இடுப்பிற் படங்குமாய் மாலை வரை கொழுந்தெடுக்கும் பெண்களின் கன்னங்களில் மங்கு படர்கிறது. தோல் தடித்து வரள்கிறது. பஸ்ஸில் நாம் கண்ட மற்றப் பெண்மணி காரியாலயக் கூரையின் கீழ் வேலை பார்ப்பவர். இருவருக்குமிடையே தோன்றிய வேறுபாட்டில் ஒரு பங்கு இக்கூரையின் வேறுபாடே.

வாயும் வயதும்

இன்னொரு பங்கு வெற்றிலைப் பைக்கு உரியது. களைப்புத் தெரியாதிருக்கவும், குளிருக்கும், பசிக்கும் பாக்கும் புகையிலையும் மெல்லும் பழக்கம் மலைகளில் நெடுங்காலமாய் உள்ளது. அது முரசைக் கெடுத்துப் பற்களை உதிர்க்கிறது. பல் விழுந்த இடத்தில் தாடையெலும்பு கரைகிறது, கன்னம் குழிகிறது, முகத்தின் கீழ்ப்பாகம் குறுகுகிறது. நாற்பது வயதில் நான்கு பல் இழந்தவர் ஐம்பது வயதினராகத் தோன்றுவதில் வியப்பென்ன? அழகு மட்டுமா போகிறது! வாய்ப் புற்றுநோய்க்கு இதுவே பெருவாயில். பீடியும் சிகரெட்டும் பிடிக்கும் ஆண்களின் தோலும் இவ்வாறே காலத்துக்கு முன் சுருங்குகிறது.

பதினான்கு பத்தாகும் விந்தை

இனிப் பையனைப் பார்ப்போம். அவன் வயதுக்குக் குறைவாகத் தோன்றினான். இதைக் கேட்டு மகிழலாமா? ஒருபோதும் இல்லை. பெற்றோர் குள்ளமாயிருப்பதால் பிள்ளையும் சிறுத்திருப்பதுண்டு, அது நோயன்று. ஆனால் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதிகளிலோ நூற்றுக்கு 32 பேர். இவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பரம்பரையின் தலையிற் கட்டிவிட முடியாது.

கருவில் தொடங்கி இரண்டு வயது நிறையும் வரை உள்ள ஏறத்தாழ ஆயிரம் நாட்களில் போதிய ஊட்டமில்லாவிடில் பிள்ளையின் வளர்ச்சி குன்றுகிறது. பின்னரும் ஊட்டம் குறையுமாயின் பருவமடைதலும் பிந்துகிறது. பதினான்கு வயது பத்தாகத் தோன்றுவது இதனால்தான். தாய்க்குக் குருதிச்சோகை, அதனால் எடை குறைந்த பிள்ளை, அப்பிள்ளை பெண்ணாயின் அவளும் மெலிந்த தாய். இச்சங்கிலி இவ்வாறு நீள்கிறது. தாயை மூதாட்டியாகவும் மகனைப் பாலகனாகவும் காட்டியது ஒரே வறுமையின் இரு கைகள் என்பதை அன்று நாம் உணர்ந்தோம்.

கவலையின் கணக்கு

பிசிராந்தையாரிடம் திரும்புவோம். கவலைக்கும் மூப்புக்கும் தொடர்புண்டு என்ற அவர் கூற்றுக்கு 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சாட்சி கிடைத்தது. தீராத நோயுற்ற பிள்ளைகளைப் பராமரிப்போர் உட்பட 58 தாய்மாரின் குருதிக் கலங்களை ஆராய்ந்தனர். மனச்சுமை மிகுந்த தாய்மாரின் கலங்கள், சுமை குறைந்தோரின் கலங்களைவிடப் பத்தாண்டாயினும் கூடுதலாக மூத்திருந்தன. புலவர் நாடி பிடித்துச் சொன்னதை இவர்கள் கருவிகொண்டு கண்டனர்.

அவர் சொன்ன காரணங்களில் ஒன்றேனும் தனி மனிதனின் முயற்சியால் மட்டும் ஆவதா? வீடு, மக்கள், உடனுழைப்போர், அரசு, ஊர் என யாவும் பிறரைச் சார்ந்தவை. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, மலைக்குப் போய், மாலையில் மீண்டு லயத்தில் விறகடுப்பு ஊதும் பெண்ணை நோக்கி "உடம்பைக் கவனித்துக்கொள்" என்றால் அது நகைப்புக்கிடமாகும். கவனிக்க வேண்டியோர் அவரைச் சூழ்ந்துள்ள நாமே.

செய்யத்தக்கவை

ஆயினும் கைக்கெட்டிய காரியங்களும் உண்டு. அவுஸ்திரேலியாவில் 903 பேரைக் கொண்டு நாலரை ஆண்டுகள் நடத்திய சோதனையின் முடிவு 2013இல் வெளிவந்தது. நாள்தோறும் வெயிற்காப்புக் களிம்பு பூசியோரின் தோல், விரும்பியபோது மட்டும் பூசியோரின் தோலைவிட நூற்றுக்கு 24 பங்கு குறைவாகவே மூப்படைந்திருந்தது. களிம்பின் விலை எட்டாதவர்களுக்கு முகத்துக்கு நிழல் தரும் அகன்ற விளிம்புத் தொப்பியும், கழுத்தை மூடும் துணியும் பெரிதும் உதவும்.

தேயிலை விளையும் மலையில் சொல்லத் தயக்கமாயினும் சொல்லியாக வேண்டிய ஒன்றுண்டு. உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால், கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்து உடலிற் சேராதவாறு அது தடுத்துவிடுகிறது. உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி போதும். தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ உணவோடு சேருமாயின் இரும்புச்சத்து நன்கு சேரும். கருவுற்ற தாய்மாருக்கு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரைகளையும் திரிபோஷாவையும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பகிராமல் அவர்களே உண்ண வேண்டும். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டிலுள்ள கோடு தாழ்ந்தால், "வளர்ந்து விடுவான்" என்றிராமல் குடும்பநல உத்தியோகத்தரை நாடுதல் நன்று.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூட விழாவுக்கு வரும் அன்னையின் தோற்றம் கண்டு உங்களிற் சிலர் கூசுவதை நாம் அறிவோம். மற்றப் பிள்ளைகளின் தாய்மாரைவிட அவர் மூத்தவராகத் தோன்றலாம். அம்முகத்தின் ஒவ்வொரு கோட்டிலும் உங்கள் பள்ளிக் கட்டணமும் புத்தகமும் சப்பாத்தும் எழுதப்பட்டுள்ளன என்பதை மறவாதீர்கள். விறகையும் தண்ணீரையும் நீங்கள் சுமந்தால், அவருக்கு மாலையில் ஒரு நாழிகை ஓய்வு கிடைக்கும்.

பஸ் தோட்டத்துச் சந்தியில் நின்றது. தாயும் மகனும் இறங்கினர். அம்மையார் மாப்பையைத் தலைக்கு உயர்த்தப் போனார். அதுவரை வாய் திறவாதிருந்த பையன், "கொடுங்கம்மா" என்று அதை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான். லயத்தை நோக்கி அவன் முன்னே நடந்தபோது, அவனைப் பாலகன் என்று எண்ணியதற்காக நாம் வெட்கப்பட்டோம்.