நோக்கும் குவியமும்

செய்யுளுக்கு உறுப்பு 34 என வகுத்த தொல்காப்பியர், நோக்கு என்பதனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். படிப்போன் கருத்து நின்று நோக்குதற்குரிய காரணம் செய்யுளின் அமைப்பிலேயே இருத்தல் வேண்டும் என்பது அதனால் பெறப்படும். இன்று மாணவர் கையில் விளங்கும் டிஜிட்டல் கமராவும் இதனையொத்த வினா ஒன்றை எழுப்புகின்றது. படத்தில் நாம் நோக்கவிரும்பும் பொருள் யாது? அதனைக் கருவிக்கு எங்ஙனம் உணர்த்துவது?

வில்லையைக் கையால் திருப்பித் தெளிவு கண்ட காலம் நெடியது. 1977 ஆம் ஆண்டில் யப்பானின் கொனிக்கா நிறுவனம் தானே குவியங் காணும் சிறு கமராவை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1985 இல் வந்த மினோல்டா 7000 இத்திறனை வில்லை மாற்றும் கமராவுக்கு உரியதாக்கியது. அதில் குவியப்புள்ளி ஒன்றே. அதுவும் நடுவில் இருந்தது. 2007 இல் வந்த நிக்கொன் டி3 இலோ 51 புள்ளிகள். கண்ணாடியற்ற இக்காலக் கமராக்களில் படப்பரப்பின் பெரும்பகுதியும் அத்தகைய புள்ளிகளால் நிரம்பியுள்ளது.

புள்ளிகள் பெருகவே, எதனைத் தெரிவது என்னும் சிக்கலும் பெருகிற்று. பலர் அத்தெரிவைக் கருவியிடமே விட்டுவிடுகின்றனர். அதுவோ பெரும்பாலும் அண்மையில் உள்ளதும் ஒளிவேறுபாடு மிக்கதுமான பொருளைப் பற்றிக்கொள்ளும். பரிசளிப்பு விழாப் படங்கள் பலவற்றில் யான் காண்பது இதுவே: முன்னே நிற்கும் குத்துவிளக்கின் திரிகள் தெளிவாய்த் தெரியும், பின்னே பரிசு பெறும் பிள்ளையின் முகம் மங்கிக் கிடக்கும். முகத்தையும் கண்ணையும் தேடியறியும் கமராக்கள் இன்று உள்ளன என்பது மெய்யே. ஆயினும், மேடையில் ஐந்து முகங்கள் இருக்க, அன்றைய நாள் எம்முகத்துக்கு உரியது என்பதைக் கருவி அறியுமா? ஆதலால் ஒற்றைப் புள்ளியைத் தெரிந்து, அதனை உரியவரின் கண்மீது வைத்தலே நன்று. முகம் ஒருபுறம் திரும்பியிருப்பின், நமக்கு அண்மையிலுள்ள கண்ணே தெளிய வேண்டும்.

புள்ளியை வைக்கும் இடத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ஒளியும் நிழலும் மாறுபடும் விளிம்பைக் கொண்டே கருவி தெளிவை அளக்கின்றது. வெள்ளை வேட்டியின் நடுவே புள்ளியை வைத்தால் வில்லை முன்னும் பின்னும் அலைந்து தடுமாறும். அதன் கரையில் வைத்தால் உடனே பற்றும். பழைய அமைப்பிலான கமராக்களில் சில புள்ளிகள் ஒரு திசைக் கோடுகளையே உணர்வன; குறுக்குவகைப் புள்ளிகளோ நெடுக்கும் கிடையும் ஆகிய இருதிசைக் கோடுகளையும் உணர்வன. முன்கூறிய 51 இல் அவ்வகையின 15. அவை நடுப்பகுதியில் அமைந்தவை. மங்கலான மண்டபத்துள் அவற்றை நாடுதல் தகும்.

நடுப்புள்ளியாற் குவியங் கண்டு, பொத்தானைப் பாதி அழுத்தியவாறே கமராவைத் திருப்பிப் படத்தை அமைப்பாரும் உளர். தொலைவிலுள்ள பொருளுக்கு அதனால் இழுக்கில்லை. அண்மையிலோ இடர் உண்டு. முழுச்சட்டக் கமராவில் 85 மில்லிமீற்றர் வில்லையின் துவாரத்தை எஃப் 1.8 அளவுக்குத் திறந்து, ஒரு மீற்றர் தொலைவிலுள்ள முகத்தைப் படமெடுப்பதாகக் கொள்வோம். அங்கே தெளிவின் ஆழம் முழுவதும் ஏறத்தாழ 1.5 சென்ரிமீற்றரே. கமராவைப் 10 பாகை திருப்பினால் தெளிதளம் கண்ணுக்குப் பின்னே ஏறத்தாழ அவ்வளவு விலகிவிடும். கண் மங்கிவிடும். அவ்விடத்துக் கமராவைத் திருப்பாது புள்ளியையே நகர்த்துவது அறிவுடைமை.

ஓடும் வீரனையோ பறக்கும் கொக்கையோ ஒற்றைப் புள்ளியில் நிறுத்துதல் அரிது. அங்கே சில புள்ளிகளைத் தொகுதியாகக் கொண்டு, தொடர்ந்து குவியங் காணும் முறையை மேற்கொள்க.

இருண்ட படத்தைப் பின்னர் ஒளியுறச் செய்யலாம். வேண்டாத ஓரத்தை வெட்டி நீக்கலாம். தவறிய குவியத்தை மீட்டலோ மிக அரிது. ஓய்வுபெறும் ஆசிரியர் இறுதியாக வகுப்பை விட்டு இறங்கும் கணம் மறுமுறை வாராது. விரைவு கருவிக்கு உரியது. அங்கே நோக்கத்தக்கது இன்னதெனத் துணிதல் மாந்தர்க்கே உரியது. மாணவர் அவ்வுரிமையைக் கைவிடாதிருத்தல் வேண்டும்.