வாங்கிய நூல் யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாணவன் ஒருவன் வாடிய முகத்தோடு நம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். சாதாரண தர வகுப்பிலே நம்மிடம் தமிழ் கற்றவன். இப்போது உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயில்கிறான். கையில் ஒரு பலகைக் கணினி இருந்தது. "சேர், புத்தகத்தைக் காணவில்லை" என்றான். புத்தகப் பெட்டியையே கையில் வைத்துக்கொண்டு காணவில்லை என்கிறானே என்று நாம் முதலில் நகைத்தோம். விடயத்தைக் கேட்டறிந்த பின்னர் அந்நகைப்பு அடங்கிவிட்டது.

கனடாவில் வாழும் அவனுடைய மாமா, தம் கணக்கின் வழியாக இரசாயனவியல் துணைநூல்கள் மூன்றை விலைகொடுத்து வாங்கி, மருமகன் படிக்கட்டும் என்று அக்கருவியில் இட்டு அனுப்பியிருந்தார். பையனும் ஓராண்டுக் காலம் பக்கந்தோறும் குறிப்பெழுதிப் படித்து வந்தான். மாமாவின் வங்கி அட்டை மாறியபோது ஏதோ சிக்கல் நேர்ந்து அக்கணக்கு மூடப்பட்டது. மறுநாள் மூன்று நூல்களும் இல்லை. எழுதிய குறிப்புகளும் இல்லை. விற்ற நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டார்கள். விற்கப்பட்டது நூலன்று, அதனை வாசிப்பதற்கான அனுமதியே என்றும், அவ்வனுமதி முடிந்துவிட்டது என்றும் மறுமொழி வந்தது. பரீட்சைக்கோ மூன்று மாதங்களே இருந்தன.

அன்றிரவு நம் தந்தையாரின் மரப்பெட்டியிலிருந்த பழைய இலக்கண நூலொன்றை எடுத்துப் பார்த்தோம். முதற்பக்கத்தில் மையினால் எழுதிய அவருடைய பெயர். அதன் கீழே நம் தமையனாரின் பெயர். அதற்குங் கீழே நம் பெயர். விற்ற கடை இன்றில்லை. வாங்கியவரும் இன்றில்லை. நூல் மட்டும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள் என்றால் இதுவன்றோ என்று எண்ணினோம்.

ஒரே இரவில் மறைந்த நூல்கள்

நம் மாணவனுக்கு நேர்ந்தது புதுமையன்று. 2009 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அமெரிக்காவின் அமேசன் நிறுவனம், தன் 'கிண்டில்' கருவிகளிலே வாசகர்கள் வாங்கி வைத்திருந்த இரண்டு நூல்களை, அவர்களைக் கேளாமலே தொலைவிலிருந்து அழித்துவிட்டது. பதிப்புரிமை இல்லாத ஒருவர் அவற்றை விற்பனைக்கு இட்டுவிட்டார் என்பது காரணம். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மறைந்த நூல்கள் எவை தெரியுமா? ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை'யும் '1984' உம். பழைய பத்திரங்களை ஒரு துவாரத்தில் எறிந்து எரித்து, நடந்ததையே நடவாததாக்கும் அரசு ஒன்றைப் பற்றிய கதை '1984' என்பதை அறிந்தவர்கள், சிரிப்பதா வருந்துவதா என்று திகைத்தனர். மிச்சிகன் மாநிலத்து மாணவன் ஒருவன், விடுமுறைக்கால வீட்டுவேலைக்காக எழுதிய குறிப்புகள் பயனற்றுப் போயின என்று வழக்குத் தொடுத்தான். நிறுவனத்தின் தலைவர் அச்செயல் அறிவற்றது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

பின்னர், 2019 ஆம் ஆண்டில், மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியது. கடை மூடினால் நாம் முன்னர் வாங்கிய நூலுக்கு என்ன? ஆனால் ஆங்கு நிகழ்ந்தது வேறு. கடையோடு வாசகர்களின் நூல்களும் மறைந்தன. விலை திருப்பிக் கொடுக்கப்பட்டது. குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்கு மேலும் 25 டொலர் வழங்கப்பட்டது. ஒருவனுடைய சிந்தனைக்கு இருபத்தைந்து டொலர் என்று விலை குறித்தது அக்கடையாகத்தான் இருக்கும்.

பூட்டும் திறப்பும்

இஃது எவ்வாறு இயலுகிறது என்பதை மாணவர்கள் விளங்கிக்கொள்ளல் வேண்டும். மின்னூலின் எழுத்துகள் யாருக்கும் புரியாத மறைகுறிகளாக மாற்றப்பட்டே நம் கருவிக்கு வந்து சேர்கின்றன. அவற்றை மீண்டும் எழுத்தாக்கும் இரகசிய எண்ணே திறப்பு. அத்திறப்பைக் கொடுப்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் கையில் உள்ளன. பெட்டி நம் வீட்டில். திறப்பு அவர்கள் மடியில். அவர்கள் திறப்பைத் தர மறுத்தால், அல்லது நிறுவனமே இல்லாதொழிந்தால், நம்மிடம் எஞ்சுவது பொருளற்ற குறிகளே.

பூட்டை உடைக்கக் கூடாதா என்று கேட்கலாம். இங்கேதான் அரசாங்கங்கள் வந்து நிற்கின்றன. 1996 ஆம் ஆண்டு ஜெனீவாவிற் செய்யப்பட்ட உலக ஒப்பந்தத்தை அடுத்து, அமெரிக்கா 1998 இல் ஒரு சட்டம் இயற்றியது. பதிப்புரிமையைக் காக்கும் பூட்டைத் திறப்பதே குற்றம் என்பது அதன் சாரம். இலாபங் கருதி வேண்டுமென்றே அச்சட்டத்தை மீறுவோருக்கு முதன்முறையிலேயே ஐந்தாண்டுச் சிறையும் ஐந்து இலட்சம் டொலர் அபராதமும் வரை விதிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2001 இல் இதே வழியிற் சென்றது. நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், இத்தகைய தடைகளை நீக்கும் கருவிகளை விற்பனைக்காகச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விலக்கியுள்ளது.

இச்சட்டத்தின் வன்மையை உலகம் 2001 இல் கண்டது. டிமிட்ரி ஸ்க்லியாரோவ் என்னும் இரசிய நாட்டு இளைஞர், மின்னூற் பூட்டைத் திறக்கும் மென்பொருளொன்றைத் தாம் பணியாற்றிய நிறுவனத்துக்காக ஆக்கியவர். அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் அது பற்றி உரையாற்றிவிட்டுப் புறப்படும் வேளையிற் கைது செய்யப்பட்டார். பல மாதங்களின் பின்னரே உடன்பாடொன்றின் பேரில் நாடு திரும்ப விடப்பட்டார். 2002 டிசம்பரில் அவருடைய நிறுவனம் குற்றமற்றது என்று ஜூரிமார் தீர்ப்பளித்தனர்.

இவையெல்லாவற்றிலும் நம் நெஞ்சை வருத்துவது விழிப்புலனிழந்தோரின் நிலையே. மின்னூலைக் கணினி உரத்து வாசிக்கக்கூடும். பார்வையற்ற மாணவனுக்கு இதனினும் பெரிய கொடை வேறென்ன? ஆயினும் பூட்டு அந்த வாசிப்பையும் தடுக்க வல்லது. எனவே அமெரிக்காவில், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் மீளாய்வின்போது, இவர்களுக்காகப் பூட்டைத் திறக்கும் விலக்கை மீண்டும் மீண்டும் கேட்டுப் பெறவேண்டியதாயிற்று. வாசிக்கும் உரிமைக்கு மூவாண்டுக்கு ஒருமுறை மனுப்போடுவதா? நல்லகாலமாக, 2013 இல் மராக்கேஷ் நகரில் விழிப்புலனிழந்தோர்க்கான உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. 2016 இல் இலங்கையும் அதில் இணைந்தது.

மறுபக்க நியாயம்

எதிர்த்தரப்பார் கூற்றையும் கேட்பதே ஆசிரியனுக்கு அழகு. பல்லாண்டு உழைத்து ஒருவர் எழுதிய நூலை ஒரு நொடியில் ஆயிரம் படிகளாக்கிப் பரப்புவது இன்று எளிது. நம் ஊரிலேயே, புதிய நூலொன்று வெளிவந்த மறுவாரம் அதன் போட்டோப் பிரதிகள் கைக்குக்கை மாறுவதைக் காண்கிறோம். எழுதியவன் வயிறு காயும்போது, வாசகனின் உரிமை பற்றி மாத்திரம் பேசுவது நேர்மையாகாது. களவு களவே.

ஆனால் பூட்டு கள்ளனைத் தடுக்கிறதா? கள்ளன் பூட்டில்லாத களவுப்படியையே தேடிப் பெறுகிறான். பூட்டுக்குள் அகப்படுபவன் காசு கொடுத்தவன். இசைத்துறை இதற்குச் சான்று. 2009 இல் அப்பிள் நிறுவனம் தான் விற்ற பாடல்களிலிருந்து பூட்டுகளை அகற்றியது. இசை வாணிபம் அதனால் மாய்ந்துவிடவில்லை. 2012 இல் டோர் என்னும் நூற்பதிப்பகம் தன் மின்னூல்களைப் பூட்டின்றி விற்கத் தொடங்கியது. ஆகவே வேறு வழி இல்லை என்பது பொருந்தாது.

ஏடு காத்த வழி

தமிழராகிய நமக்கு இது வெறும் வாணிபச் சிக்கலன்று. நம் பழைய நூல்கள் இன்று நம் கையில் இருப்பது எதனால்? ஓலையைச் செல்லரித்தது. ஆயினும், அரித்து முடியுமுன் யாரோ ஒரு மாணாக்கர் எங்கோ ஒரு திண்ணையிலிருந்து அதனைப் பார்த்து இன்னோர் ஓலையில் எழுதி வைத்தார். அவ்வாறு பல ஊர்களிற் கிடந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியே, சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். பெயர்த்தெழுதுவது குற்றம் என்று அன்று ஒரு சட்டம் இருந்திருக்குமாயின், அவர் தேடிச் சென்றபோது எந்த ஏடு எஞ்சியிருக்கும்?

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அக்கொடுமையை ஒரு கடையின் கணக்குச் சிக்கலோடு ஒப்பிட நாம் துணியோம். ஆயினும் அத்தீ கற்பித்த பாடம் ஒன்றுண்டு: வேறெங்கோ ஒரு வீட்டில் ஒரு படி இருந்த நூலே பிழைக்கும். 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் இன்று ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்து யாவரும் படிக்க வைத்திருக்கிறது. அத்தொண்டர்கள் தேடிச் செல்வது, மக்கள் தத்தம் அலுமாரிகளிற் காத்து வைத்த தாள் நூல்களையே. இன்று பூட்டோடு வாங்கப்படும் நூல்களை ஐம்பதாண்டின் பின்னர் எந்த அலுமாரியில் தேடுவார்கள்?

நாம் செய்யக்கூடியது

மனந்தளர வேண்டியதில்லை. குரல் எழுப்பிய இடத்திற் சட்டம் வளைந்து கொடுத்திருக்கிறது. கைத்தொலைபேசியை வேறு நிறுவனத்தின் இணைப்புக்கு மாற்றப் பூட்டைத் திறப்பதும் அமெரிக்காவில் 2013 தொடக்கத்தில் விலக்கப்பட்டது. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கையொப்பமிட்டு முறையிட்டனர். 2014 ஓகஸ்டில் அதனை மீண்டும் அனுமதிக்கும் சட்டம் கைச்சாத்தாயிற்று. கலிபோர்னியா மாநிலம் 2024 இல் இயற்றிய சட்டத்தின்படி, அனுமதியை மட்டும் விற்கும் வணிகர், அதனைத் தெளிவாக அறிவியாமல் 'வாங்குக' என்னுஞ் சொல்லை இடல் ஆகாது. சொல்லிலே தொடங்கிய திருத்தம் பொருளிலும் வருமென நம்பலாம். ஆனால் நிறுவனங்கள் தாமாக இறங்கி வரமாட்டா. 2025 பெப்ரவரியில், வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசன் நிறுத்தியது என்பதையும் மறத்தலாகாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைக்கு மின்னூல் வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதனைத் தம்பி தங்கையர்க்குக் கொடுக்கலாமா? விற்றவர் கடையை மூடினாலும் இது நம்மிடம் இருக்குமா? பூட்டில்லாத பதிப்பு வேறெங்கேனும் கிடைக்குமா? மாணவர்க்கு ஒன்று: நூல் எதில் இருந்தாலும் குறிப்பு உங்கள் கொப்பியில் இருக்கட்டும். சட்டம் இயற்றுவோர்க்கும் ஒன்று: எழுத்தாளரைக் காக்கும் அதே சட்டம், விலை கொடுத்தவன் தன் நூலை வைத்திருக்கவும், இரவல் கொடுக்கவும், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவும் இடமளிக்கட்டும், நூலகங்கள் படியெடுத்துக் காக்கவும் வழி செய்யட்டும்.

நம் மாணவனின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரசாயனவியல் கற்பிக்கும் நம் நண்பரொருவர், தம் பல்கலைக்கழக நாட்களில் வாங்கிய நூலொன்றை அவனுக்கு இரவலாகக் கொடுத்தார். அட்டை கிழிந்த பழம்பதிப்பு. ஓரங்களில் அவருடைய பென்சிற் குறிப்புகள். பையன் நாடோறும் விடியற்காலை எழுந்து, இழந்த குறிப்புகளைக் கொப்பியில் மீண்டும் எழுதி வருகிறான். "தம்பி, கை நோகவில்லையா?" என்று கேட்டோம். "நோகத்தான் செய்கிறது, சேர். ஆனால் இதை ஒருவரும் அழிக்க மாட்டார்களே" என்றான்.