கரண்டு போகும் நொடியில் கணினிக்குள் என்ன நடக்கிறது?

லகாட் வட்டாரத்துப் பிற்பகல் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும், ஓர் இடி இடிக்கும், மின்விசிறி ஒரு கணம் தயங்கி மறுபடியும் சுற்றும். வீட்டில் அது பெரிய விஷயமில்லை. ஆனால் அதே கணத்தில் ஒரு கிளினிக்கின் சர்வர் கணினி, நோயாளி ஒருவரின் பெயருக்கு எதிரே 'பெனிசிலின் ஒவ்வாது' என்று எழுதிக்கொண்டிருந்தால்?

கிந்தா பள்ளத்தாக்குக்கு மின்சாரம் புதிதல்ல. பேராக் ஆற்றின் சென்டெரோ அணை 1930இலேயே மின்சாரம் தரத் தொடங்கியது. ஈயச் சுரங்கங்கள் அதைக் கொண்டு இயங்கின. மின்தடையும் புதிதல்ல. 1996 ஆகஸ்டு 3ஆம் தேதி மாலை, திரெங்கானுவின் பாக்கா மின் நிலையத்தில் தொடங்கிய கோளாறு தீபகற்ப மலேசியா முழுவதையும் இருட்டாக்கியது. உங்கள் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கும்.

கணினி கெட்டுப்போக அவ்வளவு பெரிய இருட்டு தேவையில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுழற்சிக்கு 20 மில்லிவினாடி. மின்சாரம் நின்றபின் கணினியின் பவர் சப்ளை ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிக்கும்.

'சேமி' என்பதை அழுத்தியதும் கோப்பு வட்டில் பதிந்துவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் இல்லை. வட்டு மெதுவானது; ஆகவே இயங்குதளம் அதை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் வழக்கமான அமைப்பின்படி, எழுத வேண்டிய தகவல் ஏறத்தாழ 30 வினாடிவரை அங்கேயே காத்திருக்கலாம். கரண்டு போனால் நினைவகம் வெறும் பலகை.

இதைவிட மோசமானது, பாதி எழுதிய நிலை. ஒரு கோப்பில் நான்கு வரி சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். வட்டில் மூன்று இடங்களில் எழுத வேண்டும்: அந்த வரிகள், கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவு, எந்தக் கட்டங்கள் காலி என்ற வரைபடம். வரைபடம் மட்டும் மாறி மற்றவை மாறாவிட்டால் கொஞ்சம் இடம் வீண், அவ்வளவுதான். பதிவு மாறி வரைபடம் மாறாவிட்டாலோ, அதே கட்டத்தை இயங்குதளம் இன்னொரு கோப்புக்கும் கொடுத்துவிடும். இரண்டு பேர் கணக்கும் கலந்துபோகும். பதிவும் வரைபடமும் மாறி வரிகள் மட்டும் போய்ச் சேராவிட்டால், திறக்கும்போது பழைய குப்பை தெரியும். இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் இப்படி நடந்தால் கணினி தொடங்கவே தொடங்காது.

முன்பெல்லாம் இதற்கு ஒரே வைத்தியம், வட்டு முழுவதையும் சரிபார்ப்பது. பெரிய வட்டு என்றால் மணிக்கணக்காகும்.

இதற்குத் தீர்வு நம் மளிகைக்கடையிலேயே இருக்கிறது. 555 புத்தகம் தெரியுமல்லவா? யார் என்ன கடன் வாங்கினார் என்று கடைக்காரர் முதலில் அந்தச் சிறிய புத்தகத்தில் குறித்து, வரியின் முடிவில் ஒரு கோடு போடுகிறார். பெரிய பேரேட்டில் சாவகாசமாக மாலையில் ஏற்றுகிறார். நடுவில் விளக்கு அணைந்தாலும் கவலையில்லை. கோடு போட்ட வரிகளைப் பார்த்துப் பேரேட்டில் மறுபடி ஏற்றலாம். கோடு போடாத வரியை விட்டுவிடலாம். கணினியில் இதற்கு 'ஜர்னல்' என்று பெயர். 1993இல் வந்த விண்டோஸ் என்.டி.யின் கோப்பு முறையும், 2001இல் லினக்ஸில் சேர்ந்த இ.எக்ஸ்.டி.3 முறையும் இப்படித்தான் வேலை செய்கின்றன. மின்சாரம் திரும்பியதும் சில வினாடிகளில் தயார்.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று: வழக்கமான அமைப்பில் ஜர்னல் காப்பாற்றுவது பதிவுகளையும் வரைபடத்தையும்தான், உங்கள் கோப்பின் உள்ளடக்கத்தை அல்ல. கணினி நல்லபடியாகத் தொடங்கும். கோப்பு மட்டும் காலியாக இருக்கலாம். அதனால் நல்ல நிரலர்கள் பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. புதிய கோப்பு ஒன்றில் முழுவதும் எழுதி, 'வட்டில் பதித்துவிட்டாயா?' என்று இயங்குதளத்தைக் கேட்டு, பதில் வந்த பிறகே பழைய பெயரை அதற்குச் சூட்டுகிறார்கள். நடுவில் எப்போது கரண்டு போனாலும் பழையது முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும்.

வட்டு சொல்லும் பதிலையும் அப்படியே நம்பிவிட முடியாது. அதற்குள்ளும் ஒரு சிறு நினைவகம் உண்டு. அதில் வாங்கி வைத்துக்கொண்டே 'பதித்துவிட்டேன்' என்று சொல்லும் வட்டுகள் இருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர்கள் 15 எஸ்.எஸ்.டி. வட்டுகளின் மின்சாரத்தைத் திரும்பத் திரும்பத் துண்டித்துப் பார்த்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 13 வட்டுகள் ஏதாவது ஒரு விதத்தில் தவறின! சர்வருக்கென்று செய்யப்படும் எஸ்.எஸ்.டி.கள் பலவற்றில் சிறு மின்தேக்கிகள் உள்ளன. கரண்டு போன பிறகு, கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு அவை மின்சாரம் தரும்.

யு.பி.எஸ். பெட்டியையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது இருட்டில் தொடர்ந்து வேலை செய்வதற்கல்ல, ஒழுங்காக மூடுவதற்கு. பெட்டியிலிருந்து சர்வருக்கு ஒரு யு.எஸ்.பி. கம்பி போக வேண்டும். அதன் வழியாகத்தான் 'பேட்டரி தீரப்போகிறது, மூடிக்கொள்' என்ற செய்தி போகும். அந்தக் கம்பி பிரிக்காத பையிலேயே கிடக்கும் அலுவலகங்கள் ஏராளம். பேட்டரியும் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும், வேறோர் இடத்தில் ஒரு நகல் இருந்தே ஆக வேண்டும். இடி நேராக விழுந்தால் ஜர்னலும் சேர்ந்துதான் எரியும்.

உங்கள் பள்ளிக் கணினி மன்றத்தில் ராஸ்பெரி பை இருந்தால், அதன் அமைப்புப் பட்டியலில் 'ஓவர்லே' என்ற வசதியைத் தேடுங்கள். அதை இயக்கினால் இயங்குதளக் கோப்புகள் இருக்கும் அட்டையில் எதுவும் எழுதப்படாது. மாற்றங்கள் எல்லாம் நினைவகத்தில்தான். இயக்கியபின் ஒரு சிறு கோப்பை உருவாக்கிவிட்டுச் செருகியைப் பிடுங்குங்கள். மறுபடி போட்டால் கணினி ஒழுங்காகத் தொடங்கும், அந்தக் கோப்பு மட்டும் இருக்காது. சோதிப்பதற்கு முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.