திரைப் பிரிப்பும் தமிழ் வினைமுற்றும்

1. முன்னுரை

ஒரே திரையை இரண்டாகப் பகுத்து இரு செயலிகளை ஒருங்கே இயக்கும் வசதி திரைப் பிரிப்பு எனப்படும். ஐபேடில் 2015ஆம் ஆண்டு ஐ.ஓ.எஸ். 9 பதிப்பிலும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 2016ஆம் ஆண்டு 7.0 பதிப்பிலும் இவ்வசதி இடம்பெற்றது. செயலியை இதற்கேற்ப அமைப்பது பொறியியல் பணியாகவே பெரிதும் கருதப்படுகின்றது. அப்பணியில் மொழியமைப்பைச் சார்ந்த கூறு ஒன்றும் உண்டு என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

2. சாளரமும் சொற்றொடரும்

முழுத்திரையில் இயங்கும் செயலிக்குத் திரையின் அளவே தன் அளவு. திரை பிரிக்கப்படும்போது அதற்குக் கிடைப்பது ஒரு சாளரம் மட்டுமே. எனவே நிரலர் கருவியின் அகலத்தை விடுத்துச் சாளரத்தின் அகலத்தைக் கொண்டே பக்க அமைப்பை வகுத்தல் வேண்டும். பயனர் பிரிகோட்டை நகர்த்தினால், ஆண்ட்ராய்டு இயல்பாக அப்பக்கத்தை அழித்துப் புதிய அளவில் மீண்டும் உருவாக்கும். ஆதலின் தட்டச்சிட்ட செய்தி முன்னரே காக்கப்பட வேண்டும்.

கைப்பேசியை நெடுக்காகப் பிடித்தால் செயலிகள் மேலும் கீழுமாக அமையும். வரிகளின் எண்ணிக்கை குறையும். கிடையாகப் பிடித்தால் அவை அருகருகே அமையும். வரியின் அகலம் குறையும். அறிவிப்பை ஒரே வரிக்குள் அடக்குமாறு நிரல் எழுதப்பட்டிருப்பின், இடங்கொள்ளாத இறுதிப்பகுதி வெட்டப்பட்டு முப்புள்ளி இடப்படும்.

3. இறுதியில் நிற்கும் பொருள்

ஆங்கிலத்தில் 'நாட் சேவ்டு' என்னும் தொடரில் எதிர்மறைச்சொல் முதலில் நிற்கின்றது. இறுதி வெட்டுண்டாலும் மறுப்புப் பொருள் எஞ்சும். தமிழ் பின்னொட்டு மொழி. வினையடி முதலிலும், செயப்பாட்டுத் துணைவினை அதன் பின்னும், காலமோ எதிர்மறையோ இறுதியிலும் வரும். 'சேமிக்கப்பட்டது', 'சேமிக்கப்படவில்லை' ஆகிய இரண்டும் வெட்டுண்டால் 'சேமிக்கப்ப...' என ஒன்றாகிவிடுகின்றன. 'பணம் செலுத்தப்பட்டது', 'பணம் செலுத்தப்படவில்லை' என்பவற்றின் நிலையும் இதுவே. இங்கு இழக்கப்படுவது அழகன்று; செய்தியே இழக்கப்படுகின்றது. பணம் சென்றதோ இல்லையோ என அறியாதவர் மீண்டும் செலுத்தக்கூடும்.

4. எழுத்தும் குறியெண்ணும்

'சேமிக்கப்படவில்லை' என்பதில் எழுத்துகள் 10; ஒருங்குறியில் குறியெண்கள் 17. உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனிக்குறியெண் பெறுவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். குறியெண்ணை எண்ணி வெட்டும் நிரல் 'நீக்க வேண்டும்', 'நீக்க வேண்டாம்' ஆகிய இரண்டையும் 'நீக்க வேண்ட...' என்றே காட்டக்கூடும். எழுத்தை எண்ணி வெட்டியிருப்பின், டு, டா என்னும் எழுத்துகளேனும் வேறுபாட்டைக் காட்டியிருக்கும்.

5. செய்யத்தக்கன

முதலாவதாக, உடன்பாடு, எதிர்மறை ஆகியவற்றை உணர்த்தும் அறிவிப்புகளை ஒரு வரிக்குள் அடக்காது, அடுத்த வரிகளுக்குச் செல்ல விடுதல் வேண்டும். உயரம் போதாதவிடத்து அப்பகுதியை உருட்டிப் படிக்குமாறு அமைக்கலாம்.

இரண்டாவதாக, வரியை மடக்கும்போது மெய்யையும் அதன் குறியையும் பிரித்தலாகாது. மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது என்பது இலக்கண மரபு. அதற்கியையப் புள்ளியெழுத்து வரியின் தொடக்கத்தில் வாராமல் காத்தல் நன்று. சொற்களின் பொருத்துவாயில் மடக்குதல் இன்னும் சிறந்தது.

மூன்றாவதாக, தொடரின் அமைப்பையே மாற்றலாம். 'சேமிக்கப்படவில்லை' என்பதை 'சேமிக்கவில்லை' எனச் சுருக்கினால் மூன்று எழுத்துகள் குறையும். ஆயினும் மறுப்பு இறுதியிலேயே நிற்கும். 'தோல்வி: சேமிப்பு' என அமைத்தால் பொருள் முன்னே வந்துவிடும். பொத்தான்களில் 'நீக்க வேண்டும்', 'நீக்க வேண்டாம்' என்னும் இணையினும் 'நீக்கு', 'வைத்திரு' என்னும் இணை ஏற்றது. முதலெழுத்திலேயே இரண்டும் வேறுபடுகின்றன.

6. முடிவுரை

2025ஆம் ஆண்டு வெளிவந்த ஆண்ட்ராய்டு 16 பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகள், விளையாட்டுகள் நீங்கலாக, பெரிய திரைகளில் அளவு மாற்றத்தை மறுப்பது பொதுவாக ஏற்கப்படுவதில்லை. ஆகவே குறுகிய சாளரம் அரிதாக நேர்வது என்று ஒதுக்கிவிட இயலாது. ஆங்கிலத் தொடர்களை மட்டும் கொண்டு சோதிக்கும் நிரலருக்கு இக்குறை புலப்படாது. தமிழ்த் தொடர்களை இட்டு, சாளரத்தை மிகக் குறுக்கி, ஒவ்வோர் அறிவிப்பின் வினைமுற்றும் முழுமையாகத் தெரிகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். வினைமுற்றுத் தெரியாத தமிழ்த்தொடர் முற்றுப்பெறாத தொடரே.