சைக்கிளுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? அட்டையில் இருக்கும் இந்த எண்ணைப் பாருங்க!

பாபநாசத்தில் விடியற்காலையில் சைக்கிளை எடுத்தால், வெயில் ஏறுவதற்குள் சுந்தரப்பெருமாள்கோவில் வழியாக தாராசுரம் வரை போய்வந்துவிடலாம். துணைக்குப் பாட்டு இருந்தால் மிதிக்கிற களைப்பே தெரியாது. ஆனால், அது தஞ்சாவூர் - கும்பகோணம் பேருந்துகள் பறக்கும் சாலை. இரண்டு காதிலும் இயர்போன் மாட்டினால் பின்னால் அடிக்கும் ஹார்ன் சரியாகக் கேட்காது. ஹேண்டில்பாரில் மாட்டும் புளூடூத் ஸ்பீக்கர் அதற்கு நல்ல மாற்று. வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை இவை.

ஐபி எண் என்ன சொல்கிறது?

'வாட்டர்புரூஃப்' என்ற வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். 'ஐபி67' போன்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது இலக்கம் 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடங்கள் தாங்கும்.

'ஐபிஎக்ஸ்7' என்று இருந்தால், தூசிக்கு மதிப்பெண் தரப்படவில்லை என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது போதும். ஆனால், தை மாத அறுவடையில் கதிர் அறுக்கும் மெஷின் கிளப்பும் தூசியை நினைத்துப் பாருங்கள். டெல்டாவில் ஓட்டுபவர்களுக்கு ஐபி67தான் நல்லது.

சேறு பட்டால்?

7 என்பது தேங்கிய நீரில் செய்யும் சோதனை. பீய்ச்சியடிக்கும் நீருக்கு வேறு சோதனை உண்டு. எனவே, பைப்பை வைத்து அடித்துக் கழுவாதீர்கள். நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, துணியால் துடைத்து, சார்ஜ் போடும் துளை நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜரைச் செருகுங்கள்.

தண்ணீர் புகாத ஸ்பீக்கர் எல்லாம் மிதக்காது. வாய்க்காலில் விழுந்தால் மூழ்கிவிடும். மிதக்கும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வாருடன் இறுக்கிக் கட்டுங்கள்.

கடைக்கு வெளியே கேளுங்கள்

நான்கு சுவருக்குள் எந்த ஸ்பீக்கரும் கம்பீரமாகத்தான் ஒலிக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி வெட்டவெளியில் கிடையாது, பேஸ் குறைந்துவிடும். எனவே, வாசலுக்கு எடுத்துவந்து ஒரு பாட்டு கேட்டுப் பாருங்கள். அட்டையில் போட்டிருக்கும் பேட்டரி நேரம் பெரும்பாலும் மிதமான சத்தத்துக்கானது. சத்தம் கூடினால் நேரம் குறையும். வெயிலில் நிற்கும் சைக்கிளிலேயே ஸ்பீக்கரை விட்டுவிட்டுப் போனால் பேட்டரியின் ஆயுளும் குறையும்.

போனை மறந்துடாதீங்க!

ஸ்பீக்கர் மழையைத் தாங்கும். பாட்டை அனுப்பும் போன் தாங்குமா? அதற்கு ஒரு வாட்டர்புரூஃப் பவுச் வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சத்தம்?

வீட்டில் ஒருவரைப் பத்தடி பின்னால் நிற்கச் சொல்லி சைக்கிள் பெல்லை அடிக்கச் சொல்லுங்கள். பாட்டுக்கு நடுவே அது தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? சத்தத்தைக் குறையுங்கள். கோயில், பள்ளி, மருத்துவமனை வந்தால் நிறுத்திவிடுங்கள்.

விலை கூடிய ஸ்பீக்கரானாலும், பின்னால் வரும் பேருந்தை மறைக்கும் அளவுக்கு அலறினால் அது ஆபத்துதான். பாட்டும் கேட்கட்டும், ஹார்னும் கேட்கட்டும்!